புயலுக்குத் தேச எல்லை உண்டா?

(கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் மாலையில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



உலக நாடுகள் பலவும் ஒன்று சேர்ந்து வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் கடலிலிருந்தும் பூமியைக் கண்காணித்து வருவதைப்பற்றி இன்று நாம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "வானத்தில் சுற்றும் கோளைப்பற்றி நமக்கென்ன கவலை? நெல் விலையைப்பற்றிப் பேசலாம், வலை விலையைப்பற்றிப் பேசலாம், இதை எதற்காகப் பேசவேண்டும்?" என்று நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் விதைத்த நெல் வீடு வந்து சேருமா, கடலுக்குப் போன மகன் கரை வந்து சேருவானா என்பவை இந்த விஷயத்தைப் பொறுத்தவையாய் இருப்பதால், நெல்லுக்கும் வலைக்கும் முன்னால் இதைப்பற்றித்தான் பேசவேண்டியிருக்கின்றது.

நாம் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. அறிந்தவர்கள் எழுதியதைப் படித்தும், விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கு சொல்லுகிறோம். ஆகையால் நாம் சொல்லுவதில் எது சரி, எது தவறு என்று உங்கள் அறிவைக் கொண்டே யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

புயல் யாருக்குச் சொந்தம்?

தோழர்களே! ஒரு கேள்வி கேட்கிறோம். வங்கக் கடலில் அந்தமானுக்குப் பக்கத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாகிறது. அது எந்தத் தேசத்துக்குச் சொந்தம்? அது இன்று பர்மாவை நோக்கிப் போகலாம். நாளைக்குத் திரும்பி ஒரிசாவுக்கு வரலாம். அல்லது யாழ்ப்பாணத்தைத் தொட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் ஏறலாம். அது யாரிடத்திலும் அனுமதிச் சீட்டு வாங்குவதில்லை. எந்தச் சுங்கச் சாவடியிலும் நிற்பதில்லை. இன்ன மதத்தான் வீடு, இன்ன ஜாதியான் குடிசை என்று பார்த்தும் அடிப்பதில்லை. பலவீனமான கூரை எதுவோ அது முதலில் போகும். அவ்வளவுதான்.

இப்படி எல்லையே இல்லாத ஒன்றை, எல்லைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு தேசம் தனியாகக் கண்காணிக்க முடியுமா? நம் ஊரில் ஏரிக்கரையைக் காவல் காப்பதென்றால், ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு நேரே உள்ள கரையை மாத்திரம் பார்த்துக்கொண்டு நின்றால் போதுமா? கரை எங்கே உடைந்தாலும் வெள்ளம் எல்லாருடைய வீட்டுக்கும் வரும். ஆகவே ஊரே முறை வைத்துக் காக்கிறது. இந்தச் சின்ன உண்மையை உலகத்திலுள்ள அரசாங்கங்கள் ஒப்புக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று, அதற்குள் எத்தனை உயிர் போயிற்று என்பதுதான் நாம் இன்று சொல்லப்போகும் கதையாகும்.

கப்பல் கவிழ்ந்த பிறகு வந்த புத்தி

1854-ஆம் வருஷம் ருஷ்யாவோடு இங்கிலாந்தும் பிரான்சும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவ்வருஷம் நவம்பர் 14-ந் தேதி கருங்கடலில் பலாக்ளாவா என்னும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரும் புயல் அடித்தது. பிரஞ்சுக்காரரின் போர்க்கப்பல் ஒன்று போயிற்று. பட்டாளத்துக்குக் குளிர்காலத் துணிமணிகள் ஏற்றி வந்த இங்கிலீஷ்காரரின் கப்பலும் போயிற்று. இன்னும் பல கப்பல்கள் கவிழ்ந்தன. இந்தக் காலத்து மதவாதிகளாயிருந்தால், "கடவுள் சித்தம்" என்று சொல்லி ஒரு பிரார்த்தனையோடு முடித்திருப்பார்கள். ஆனால் பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த லெவெரியே என்பவர் அப்படிச் செய்யவில்லை. அவர்தான் கண்ணால் காணாத நெப்டியூன் என்னும் கிரகத்தைக் கணக்குப் போட்டே இருக்குமிடம் சொன்னவர். அவர் அய்ரோப்பா முழுவதிலுமுள்ள வானிலை பார்ப்பவர்களுக்கு எழுதி, அந்த வாரத்தில் உங்கள் ஊரில் காற்று எப்படி, அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். என்ன தெரிந்தது? அந்தப் புயல் திடீரென்று வந்ததல்ல. இரண்டு மூன்று நாளாய் மேற்கேயிருந்து ஊர் ஊராய் நகர்ந்து வந்திருக்கிறது. முன்னே அடிபட்ட ஊரான் தந்தி கொடுத்திருந்தால் பின்னே இருந்த கப்பல்களை எச்சரித்திருக்கலாம்!

அதாவது, கப்பல்களை முழுக்கியது புயல் மாத்திரமல்ல; ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குச் சொல்லாததும்தான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதே பாடந்தான்.

அதன் பிறகு 1873-ல் வியன்னா நகரத்தில் பல தேசத்து வானிலைக்காரர்களும் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து ஒரு சர்வதேச வானிலை அமைப்பு உண்டாயிற்று. நம் நாட்டில் 1864-ல் கல்கத்தாவை ஒரு புயல் அழித்த பிறகு, சில பஞ்சங்களும் வந்த பிறகு, 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. சென்னையில் 1792-லேயே வானாராய்ச்சி நிலையம் இருந்தது என்பதும் உண்மை. பழைய சர்வதேச அமைப்பே 1950-ல் உலக வானிலை அமைப்பு என்று புதிய உருவம் பெற்று, மறு வருஷம் அய்க்கிய நாடுகளின் ஓர் அங்கமாயிற்று.

ஒரே நேரம், ஒரே அளவு

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். பட்டாளமா வைத்திருக்கிறது? இல்லை. முதலாவதாக, எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும், ஒரே அளவால் அளக்கவேண்டும், அளந்ததை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்கிறது. இது சின்ன வேலை அல்ல. நம் சந்தையில் ஒருவன் படியால் அளந்து, ஒருவன் மரக்காலால் அளந்து, ஒருவன் கையால் அள்ளிக் கொடுத்தால் எவனுக்கு எவ்வளவு என்று கணக்குத் தீருமா?

மீனம்பாக்கத்தில் ஒரு பலூனில் கருவியைக் கட்டி மேலே விடுகிறார்கள். அது ஏறிப்போகும்போது ஒவ்வோர் உயரத்திலும் வெப்பம், ஈரம், காற்று இவற்றை ரேடியோ மூலமாய்ச் சொல்லிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்குக்குக் குறித்த நேரம் நம் கடிகாரப்படி காலை 5½ மணியும் மாலை 5½ மணியும். இதே கணக்குக்காக லண்டனுக்கு அது நள்ளிரவா, டோக்கியோவுக்கு அது காலை 9 மணியா என்று பாராமல் உலகமெங்கும் பலூன்கள் மேலே ஏறுகின்றன. இப்படி மேல்காற்றைப் பார்க்கும் நிலையங்கள் 1,000-க்கு அருகில்; தரையில் பார்க்கும் நிலையங்கள் 10,000-க்கு மேல். கப்பல்களும், விமானங்களும், கடலில் மிதக்கும் மிதவைகளும் வேறு. இந்த நொடியில் பூமி முழுவதும் எப்படி இருக்கிறது என்று ஒரே சமயத்தில் எடுத்த படம் இது. இந்தப் படம் இல்லாமல் நாளைய மழையை எந்தக் கணக்கு இயந்திரமும் சொல்ல முடியாது.

வானத்தில் ஏறிய கண்

1957-ல் ருஷ்யர்கள் முதல் செயற்கைக்கோளை விட்டார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி அமெரிக்கர்கள் டைரோஸ் என்னும் கோளை விட்டார்கள். அது இரண்டரை மாதந்தான் உழைத்தது. ஆனால் மேகங்களை மேலேயிருந்து மனிதன் தொடர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்று இரண்டு மாதிரியான கோள்கள் இருக்கின்றன. ஒன்று, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமி சுற்றும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால், ஒரே இடத்துக்கு நேரே நிற்பதுபோல் இருக்கும். தென்னைமரத்து உச்சியில் உட்கார்ந்து தோப்பு முழுவதையும் ஓயாமல் பார்க்கிற காவல்காரன் மாதிரி. மற்றொன்று, சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் வடதுருவம், தென்துருவம் வழியாக ஒரு சுற்றுக்கு 100 நிமிஷம் வீதம் சுற்றி வருவது. இது வரப்பு வரப்பாய் நடந்து குனிந்து பார்க்கிற காவல்காரன் மாதிரி. முன்னவன் எப்போதும் பார்ப்பான், ஆனால் நுட்பமாகப் பார்க்கமாட்டான். பின்னவன் நுட்பமாகப் பார்ப்பான், ஆனால் நடந்து திரும்பி வருவதற்குள் கதை முடிந்துவிடலாம். ஆகவே இருவரும் வேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசவும் வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துருவம் சுற்றும் கோளை எந்தத் தேசம் விட்டாலும் அது எல்லாத் தேசத்தின் மேலும் போய்த்தான் ஆகவேண்டும். தன் தேசத்தை மாத்திரம் பார்க்கும்படி அதற்குக் கண்கட்டு வித்தை செய்ய முடியாது. இயற்கையே கூட்டு வேலைதான் செய்யவேண்டுமென்று கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த 1962-லேயே, வானிலைக் கோள்களின் தகவலைப் பரிமாறிக்கொள்வதென்று இரு தேசத்து விஞ்ஞானிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1963-ல் உலக வானிலைக் கண்காணிப்பு என்னும் திட்டம் உண்டாயிற்று. வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் ஆகிய மூன்று இடங்களில் உலகத் தலைமை நிலையங்கள் ஏற்பட்டன. குண்டு வைத்துக்கொண்டிருந்தவர்களே மேகத்தின் விஷயத்தில் சேர்ந்து வேலை செய்தார்களென்றால், சேர முடியாது என்று சொல்லுவதற்கு வேறு யாருக்கு நியாயம் இருக்கிறது?

கண் மாத்திரம் போதாது

தோழர்களே! வானத்தில் கண் ஏறிவிட்டதே, இனி ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1970 நவம்பர் 12-ந் தேதி இரவு, இப்போது வங்காள தேசம் என்று சொல்லப்படும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா என்னும் பகுதியைப் புயல் தாக்கிற்று. மூன்று இலட்சத்திலிருந்து அய்ந்து இலட்சம் பேர் வரையில் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் புயலை முதல் நாளே அமெரிக்கக் கோள் படம் எடுத்திருந்தது! படம் இருந்தது, தீவுகளில் இருந்த குடியானவனுக்கு விளங்கும்படி செய்தி போகவில்லை. போன இடத்திலும், ஓடிப்போய் ஒதுங்க உயரமான கட்டிடம் இல்லை. கண் பார்த்தது, வாய் பேசவில்லை, கால் ஓட இடமில்லை.

பிறகு வங்காள தேசத்தார் என்ன செய்தார்கள்? ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கி, கையில் ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்து, மேடான கட்டிடங்களையும் கட்டினார்கள். 2007-ல் சித்ர் என்னும் கொடிய புயல் வந்தபோது சுமார் 3,400 பேர் மாண்டார்கள். அதுவும் பெருந் துக்கந்தான். ஆனால் இலட்சக்கணக்கு எங்கே, இது எங்கே? நம் நாட்டில் ஒரிசாவில் 1999-ல் வந்த புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். அதே கரையில் 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். மாண்டவர் சில பத்துப் பேர். கடவுளுக்கு இடையில் பதினான்கு வருஷத்தில் ஒரிசாக்காரர்மேல் அன்பு அதிகமாகிவிட்டதா? இல்லை. தகவலும் ஏற்பாடும் அதிகமாயின.

தவிரவும், மேலேயிருக்கும் கண்ணைக் கீழேயிருப்பவன் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். கடைக்காரன் எடைக்கல்லுக்கு வருஷந்தோறும் முத்திரை போடுவது எதற்காக? கல் தேய்ந்திருக்கலாம் என்பதற்காக. அதுபோலவே கோளின் கருவியும் நாளாக நாளாக மங்கும். தென்துருவப் பிரதேசத்தில் ஹாலி என்னும் நிலையத்தில் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய மாதிரிக் கருவி ஒன்றை வைத்து, பல வருஷங்களாய் மேலே உள்ள ஓசோன் படலத்தை அளந்து வந்தார்கள். அது ஆண்டுதோறும் வசந்தத்தில் குறைந்துகொண்டே வருவதை 1985-ல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் நிம்பஸ்-7 என்னும் கோளும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் கணக்கிலும் அந்தக் குறைவு இருந்தது. ஆனால் இவ்வளவு குறைவாய் இருக்காது, சந்தேகத்துக்குரியது என்று குறியிடப்பட்டுக் கிடந்தது. தரைக் கணக்கும் வானக் கணக்கும் ஒத்துப்போன பிறகு உலகம் நம்பிற்று. 1987-ல் மான்ட்ரியல் நகரத்தில் அந்தக் கேட்டை உண்டாக்கும் வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தமாயிற்று. பெரிய இயந்திரம் சொல்லுகிறது என்பதற்காக நம்பாமலும், சின்னக் கருவி சொல்லுகிறது என்பதற்காகத் தள்ளாமலும் இரண்டையும் ஒத்துப் பார்த்தார்களே, அதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இரண்டு மணி நேரம்

இனி, நம் கரையில் நடந்ததைச் சொல்லவேண்டும். இந்த ஊரில் அதை நாம் சொல்லித் தெரியவேண்டியவர்கள் குறைவு.

2004 டிசம்பர் 26-ந் தேதி காலை 6½ மணி சுமாருக்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி நிலையத்தார் அதைக் கண்டு பசிபிக் தேசங்களுக்கு அறிக்கை அனுப்பினார்கள். பசிபிக் கடலுக்கு 1965 முதலே சர்வதேச ஏற்பாடு இருந்தது. இந்துமகா சமுத்திரத்துக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. யாரைக் கூப்பிடுவது, எந்த நிலையத்துக்குச் சொல்லுவது என்பதே வகுக்கப்படவில்லை. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம் என்றால் என்ன? கிழவியும் குழந்தையும்கூட நிதானமாய் நடந்து மேட்டுக்குப் போகிற நேரம். அந்த நேரம் வீணாய்ப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்களும், மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள். பதினான்கு தேசங்களில் 2,27,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர்.

இன்னும் ஒன்று கேளுங்கள். அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து விட்டிருந்த ஜேசன் என்னும் கோள், அதிர்ச்சி உண்டாகி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் தற்செயலாய் இந்துமகா சமுத்திரத்துக்கு மேலே போயிற்று. நடுக்கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தும் விட்டது. ஆனால் அந்தக் கணக்கு தரைக்கு வந்து, பிரித்து, விளங்குவதற்குள் பல மணி நேரம் ஆகிவிட்டது. அது அவசரச் செய்தி சொல்லுவதற்காக ஏற்பட்ட கோளும் அல்ல.

இங்கே குற்றவாளி யார்? கடல் அல்ல, அதற்கு மனமில்லை. கடவுள் கோபமும் அல்ல; கோபமென்றால் பால்குடிக் குழந்தைமேல் என்ன கோபம்? அறிவு இருந்தது, கருவி இருந்தது, நேரம்கூட இருந்தது. ஒன்றாய்ச் சேர்த்து வைத்திருக்கும் ஏற்பாடு மாத்திரம் இல்லை. அதற்குத்தான் நம் மக்கள் விலை கொடுத்தார்கள்.

அதன் பிறகு இந்துமகா சமுத்திர தேசங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. 2007 அக்டோபரில் அய்தராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் திறக்கப்பட்டது. கடலின் அடித்தளத்தில் நீரின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அது மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியால் சொல்லுகிறது. மிதவை கோளுக்குச் சொல்லுகிறது. கோள் அய்தராபாத்துக்குச் சொல்லுகிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேஷியா ஆகிய மூன்றும் மற்றத் தேசங்களுக்கும் எச்சரிக்கை கொடுக்கின்றன. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய அதிர்ச்சி உண்டானபோது, சில நிமிஷங்களில் செய்தி பறந்தது. அன்று பெரிய அலை வரவில்லை. ஆனாலும் ஏற்பாடு விழித்திருந்தது.

இரவல் மாடும் கூட்டுப் பண்ணையும்

இந்தக் கூட்டு வேலை எப்படி நடக்கிறதென்று இரண்டொன்று சொல்லுகிறோம். உழவு நேரத்தில் ஒருவனுடைய மாடு செத்துப்போனால், பக்கத்து நிலத்துக்காரன் தன் மாட்டை இரவல் தருகிறானல்லவா? வானிலைக் கோள் வைத்திருக்கும் தேசங்கள் 1972 முதல் ஒரு குழுவாய்க் கூடி, அதையே செய்து வருகின்றன. 1989-ல் அமெரிக்காவின் கோள் ஒன்று கெட்டுப்போயிற்று. அய்ரோப்பியர் தங்கள் மீடியோசாட்-3 என்னும் கோளை 1991-ல் மேற்கே நகர்த்தி, சில வருஷங்கள் அமெரிக்கர்களுக்காகப் புயல் பார்க்க விட்டார்கள். பிறகு ஜப்பானியருடைய கோள் கிழடாகி, மாற்றுக்கோளும் 1999-ல் ஏவும்போதே அழிந்துபோனபோது, அமெரிக்கர்கள் தங்கள் கோள் ஒன்றை 2003-லிருந்து 2005 வரை பசிபிக் கடலின் மேல் ஜப்பானுக்காக நிறுத்தினார்கள். 1998-ல் அய்ரோப்பியர் ஒரு கோளை நம் சமுத்திரத்துக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிறிது காலத்துக்கென்று வந்தது பயன்பட்டதால், அது ஓய்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாய் வேறு கோள்கள் அதன் வேலையைச் செய்தன.

கடலுக்குள்ளே ஆர்கோ என்னும் மிதவைக் கருவிகள் சுமார் 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் முழுகுகிறது. பல தேசங்கள் பணம் போட்டு விட்டவை. கணக்கு மாத்திரம் உலகத்தார் எல்லாருக்கும் இனாம். வெள்ளம், பூகம்பம் என்று ஆபத்து வந்தால் பாதிக்கப்பட்ட தேசத்துக்கு உடனே படம் எடுத்து இனாமாய்க் கொடுப்பதென்று 1999-ல் அய்ரோப்பிய, பிரஞ்சு விண்வெளி நிலையங்கள் ஒரு சாசனத்தைத் தொடங்கின. 2001-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

கோள் வைத்திருப்பவர்கள் ஒருவர் செய்வதையே மற்றவரும் செய்து பணத்தை வீணாக்காமல் இருக்க 1984-ல் ஒரு குழு ஏற்பட்டது. பிறகு 2003-ல் வாஷிங்டனில் பல அரசாங்கங்களும் கூடி, கோள், தரை, கடல் எல்லாவற்றின் கணக்கையும் ஒன்றாக்கவேண்டுமென்று பேசி, 2005 பிப்ரவரியில் பிரசெல்ஸ் நகரத்தில் புவிக் கண்காணிப்புக் குழு என்பதை ஏற்படுத்தின. அதன் காரியாலயம் ஜெனீவாவில் இருக்கிறது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் அதில் இருக்கின்றன. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, மனமொப்பிச் செய்வதுதான். 2011-ல் அதன் கீழ் உலகப் பயிர்களைக் கண்காணிக்கும் வேலையும் ஆரம்பமாயிற்று. கோதுமை, மக்காச்சோளம், நெல், சோயா ஆகிய நாலும் எங்கெங்கே எப்படி விளைந்திருக்கிறது என்று வெளியிடுகிறார்கள். விளைச்சல் இல்லையென்று புரளி கிளப்பிப் பதுக்கி வைத்து விலை ஏற்றுபவனுக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நம் கரையில் வீசும் புயல்களின் பெயரிலேயே இந்தக் கூட்டு இருக்கிறது. வட இந்துமகா சமுத்திரத்தைச் சுற்றிய 13 தேசங்கள் பெயர்கள் கொடுத்திருக்கின்றன; டில்லியிலுள்ள நிலையம் வரிசைப்படி வைக்கிறது. 2011-ல் கடலூரை அடித்த "தானே" பர்மா கொடுத்த பெயர். 2016-ல் சென்னையை அடித்த "வர்தா" பாகிஸ்தான் கொடுத்தது. 2018-ல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த "கஜா" இலங்கை கொடுத்தது. எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கிற தேசங்கள் ஒரே பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

சில ஆட்சேபணைகள்

"எங்கள் பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை என்று முன்னமேயே போட்டிருக்கிறதே, வானிலைக்காரன் சொன்னது எத்தனையோ தடவை பொய்த்திருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். பொய்த்திருக்கிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். வானிலைக்காரன் தான் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை மைல் தவறினோம் என்று கணக்கெழுதி வெளியிடுகிறான். அடுத்த தடவை அதைக் குறைக்கிறான். மேகாதிபதி தவறினால் யார் கணக்கெழுதுகிறார்கள்? எந்தப் பஞ்சாங்கமாவது போன வருஷம் சொன்ன மரக்காலுக்கும் பெய்த மழைக்கும் ஒத்துப் பார்த்துத் திருத்தம் போட்டிருக்கிறதா? தவறை ஒப்புக்கொள்ளுகிறவனிடத்தில்தான் அறிவு வளரும்.

"இதெல்லாம் பணக்காரத் தேசத்தார் நம்மை வேவு பார்க்கும் சூழ்ச்சி" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கோளின் கண் போருக்கும் உதவும். அதனாலேயே கணக்குகள் சிலருடைய பெட்டிக்குள் இருக்கக்கூடாது, எல்லாருக்கும் பொதுவாக வேண்டுமென்று நாம் சொல்லுகிறோம். 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வரும் அமெரிக்காவின் லாண்ட்சாட் கோள்களின் படங்களை முன்பு பெரும் விலைக்கு விற்றார்கள், வாங்கினவர் கொஞ்சம். 2008-ல் எல்லாருக்கும் இனாம் என்று திறந்துவிட்டார்கள். உபயோகம் பல மடங்கு பெருகிற்று. 2014 முதல் ஏறிய அய்ரோப்பியரின் சென்டினல் கோள்களின் படங்களும் இனாம்தான். நெருப்பிலிருந்து நெருப்பெடுத்தால் நெருப்புக் குறைவதில்லை; அறிவும் அப்படியே.

குறை எங்கே இருக்கிறது?

எல்லாம் நிறைவாகிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும், சின்னத் தீவுகளிலும், பெருங்கடல்களிலும் தரை நிலையங்கள் மிகக் குறைவு. பலூன் வாங்கப் பணமில்லாமல் விடாமற் போகிற நிலையங்களும் உண்டு. அங்கே பலூன் ஏறாவிட்டால் நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. அங்கே காணாமல் விட்ட காற்றுத்தான் சில நாள் கழித்து வேறெங்கோ மழையாய் வருகிறது.

நம் இடத்திலேயே 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்ததை நினையுங்கள். அது வெகு சீக்கிரத்தில் வலுத்தது. அதற்கு முன்பே பல நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போயிருந்தவர்களின் கைப்பேசிக்கு ஆழ்கடலில் செய்தி எட்டவில்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் ஆண் மக்கள் திரும்பவில்லை! பிறகு 2019-ல் கோள் மூலமாய் ஆழ்கடலிலேயே எச்சரிக்கை வாங்கும் கருவி வந்தது. அது ஒவ்வொரு படகிலும் இருக்கிறதா என்று கேட்கவேண்டியது உங்கள் கடமை.

ஆகவே தோழர்களே! உங்களிடம் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். எச்சரிக்கை வந்தால், "போன தடவை வரவில்லையே" என்று அலட்சியம் செய்யாதீர்கள். வராத புயலுக்காக ஒரு நாள் வேலை கெட்டால் நஷ்டம் ஒரு நாள் கூலி. வந்த புயலுக்கு அகப்பட்டால் நஷ்டம் ஆள். கடலில் மிதக்கும் அளவுக் கருவியைக் கண்டால், இரும்புக்காக உடைக்கவோ அதில் படகைக் கட்டவோ செய்யாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் காவல்காரன். ஊரில் மழைமானி இருந்தால் பாதுகாத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். மேட்டுக் கட்டிடம் இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அதில் எல்லா ஜாதியாரும் தடையில்லாமல் ஏறலாமா என்று இப்போதே, வெயில் அடிக்கும்போதே கேளுங்கள். கோள் 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து செய்தி அனுப்பிவிடும். அந்தச் செய்தி கடைசி ஒரு பர்லாங்கு தூரம், தெருக்கோடியிலிருந்து குடிசைக்குள் போவது உங்கள் காலைப் பொறுத்தது.

உலகத்தில் இத்தனை தேசத்து மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல், தினமும் ஒரே வேளையின் காற்றை ஒரே அளவால் அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களால் முடிகிற ஒற்றுமை, ஒரே ஊரில் இரண்டு தெருக்காரர்களுக்குள் முடியாதா என்று வீட்டுக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போங்கள்.